அம்மா அப்பாவைக் கொழும்பில் குடியமர்த்துவது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

ஊரிலிருந்து அம்மா அப்பாவைக் கொழும்புக்குக் கூட்டிவருவது என்று முடிவெடுத்த வீட்டில் முதலில் எழும் கேள்வி, லொறிக்கு எவ்வளவு போகும் என்பதுதான். லொறி வேலை ஒரு இரவோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருகிற முதல் மாதத்தில்தான், பெற்றோர் அந்த வீட்டில் ஊன்றிக்கொள்வார்களா, "எங்களைத் திரும்ப ஊரிலேயே கொண்டுபோய் விடு" என்பார்களா என்பது தெரியவரும். யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த சொந்தக்காரப் பெரியவர்கள் பலருக்கு வீடு மாற உதவியிருக்கிறேன். பிள்ளையின் துணையில்லாமல் தாங்களாகவே நடந்துபோய்ப் பாலும் மருந்தும் மரக்கறியும் வாங்கி, கோயிலும் கும்பிட்டுவிட்டு வீடு திரும்ப முடிந்தவர்கள் எல்லோரும் இங்கே நிலைத்துவிட்டார்கள். வீடு தேடுவது, சாமான் கட்டுவது, நாள் பார்ப்பது எல்லாவற்றையும் இதை மனதில் வைத்தே கீழே சொல்கிறேன்.

முதலாவது: வீட்டை அவர்களின் காலால் பாருங்கள்

வீடு பார்க்கப் போகும்போது காரிலோ ஓட்டோவிலோ வாசலில் இறங்கி உள்ளே போய்விடாதீர்கள். பிரதான வீதியில் இறங்கி, அம்மா நடக்கும் வேகத்தில் வீடுவரை நடந்து பாருங்கள். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் ஒழுங்கைகள் பெரும்பாலும் குறுகலானவை. பல இடங்களில் நடைபாதை இல்லை. இருக்கும் இடத்திலும் மோட்டார் சைக்கிள் நிற்கும். பாமசி, பலசரக்குக் கடை, மரக்கறி, கோயில் அல்லது தேவாலயம் அல்லது பள்ளிவாசல், பஸ் தரிப்பு என்று அவர்களுக்கு வேண்டிய ஐந்தாறு இடங்களை எண்ணிக்கொண்டு, அவற்றில் எத்தனைக்குக் காலி வீதியைக் கடக்காமல் போகலாம் என்று பாருங்கள். முழங்கால் வருத்தம் உள்ளவருக்கு அந்த வீதியைக் கடப்பது பெரிய வேலை. மஞ்சள் கடவை அருகில் இருக்கிறதா, அதில் சமிக்ஞை விளக்கு உண்டா என்பதைக்கூடக் கவனியுங்கள்.

எந்தப் பகுதி என்பதற்கு என் எண்ணம் இது. தமிழில் கதைத்தே அன்றாடம் ஓட்டலாம் என்ற வசதி வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும்தான் அதிகம். பம்பலப்பிட்டி, தெஹிவளை, வத்தளைப் பக்கங்களிலும் ஓரளவு சமாளிக்கலாம். வாடகை குறைகிறதே என்று சிங்களம் தெரியாத வயதானவர்களைத் தமிழ்க் கடை ஒன்றுகூட இல்லாத புறநகருக்குக் கொண்டுபோனால், ஒவ்வொரு சின்னத் தேவைக்கும் உங்களுக்குத்தான் தொலைபேசி வரும். அங்கே மிச்சம் பிடிக்கும் காசைவிட அவர்கள் இழக்கும் சுதந்திரம் பெரிது. சின்ன வீடானாலும் பரவாயில்லை, கடைத்தெருவுக்குக் கிட்டப் பாருங்கள்.

தொடர்மாடி என்றால் எத்தனையாவது மாடி என்பதோடு, மின்சாரம் நின்றால் ஜெனரேட்டரில் லிஃப்ட் ஓடுமா என்றும் கேளுங்கள். வீட்டு விளக்குக்கு மட்டும் ஜெனரேட்டர் கொடுத்து லிஃப்டை விட்டுவிட்ட கட்டடங்கள் இருக்கின்றன. தண்ணீரையும் மேலே ஏற்றுவது மோட்டார்தான் என்பதால், தாங்கியில் எவ்வளவு நேரத்துக்குத் தண்ணீர் இருக்கும் என்று காவலாளியிடம் விசாரியுங்கள். வீட்டுக்காரர் சொல்வதைவிட அவர் சொல்வது சரியாக இருக்கும்.

குளியலறையில் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். கொமட் இருக்கிறதா, தரை டைல்ஸ் ஈரத்தில் வழுக்குமா, சுவரில் பிடிகம்பி அடிக்க வீட்டுக்காரர் விடுவாரா? ஊரில் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்கள் இங்கே பளபளக்கும் தரையில் முதல் வாரமே வழுக்கி விழுகிறார்கள். பிடிகம்பி அடிக்க அனுமதி தராத வீட்டை நான் வேண்டாம் என்று விட்டுவிடுவேன்.

கடற்கரைப் பக்க வீடு காற்றோட்டமாக இருக்கும். அப்பாவுக்கு மாலையில் மரைன் டிரைவில் நடக்கவும் வசதி. ஆனால் உப்புக்காற்று இரும்பை விடாது. யன்னல் கொளுக்கிகள், கேஸ் அடுப்பு, மின்விசிறி எல்லாம் கெதியாய்த் துருப்பிடிக்கும். கால்வாய் ஓரத்து வீடு, களனி ஆற்றை அண்டிய தாழ்நிலம் என்றால் மழைநாளில் ஒருதடவை போய்ப் பாருங்கள். 2016 மே மாதம் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வெள்ளத்தில் மூழ்கியதைக் கண்டவர்கள் அந்தப் பகுதிகளில் இன்னும் இருக்கிறார்கள். "தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேட்டால் சுவரில் கைவைத்தே காட்டுவார்கள்.

இரண்டாவது: ஒப்பந்தமும் மீற்றரும்

கொழும்பில் வாடகைக்கு அட்வான்ஸ் கேட்பது வழமை. ஆறு மாதம், ஒரு வருடம் என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் காசு முடிவில் திரும்ப வரும் வைப்பா, மாதாமாதம் வாடகையில் கழியுமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் சட்டத்தில் நிற்கும். 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். புரோக்கர் நீட்டும் அச்சுத்தாளில் கையெழுத்து வைத்துவிட்டு வராதீர்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அப்பாவின் பெயரில் எழுதுவதானால் வரி வரியாகத் தமிழில் சொல்லி, அவர் தலையாட்டிய பிறகே கையெழுத்துக்குப் போக வேண்டும். அது அவருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை.

தொடர்மாடியில் மாதப் பராமரிப்புக் கட்டணம் யாருடையது, வீடு மாறும் சாமானை எந்த நேரத்தில் ஏற்ற விடுவார்கள், கேஸ் சிலிண்டர் உள்ளே வைக்கலாமா, ஓமம் வளர்க்க அனுமதி உண்டா என்பவற்றையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

திறப்பு கைக்கு வரும் அன்றே மின்சார மீற்றரையும் தண்ணீர் மீற்றரையும், இலக்கம் தெளிவாகத் தெரிய ஒரு படம் எடுங்கள். பழைய நிலுவை இல்லை என்பதற்குக் கடைசிப் பட்டியலின் பிரதியை வாங்குங்கள். கொழும்பு நகருக்குள் மின்சாரத்துக்கான அவசர இலக்கம் 1987. நுகேகொடைப் பக்கம் லெக்கோ என்ற மின்விநியோகக் கம்பனி, 1910. தண்ணீருக்கு 1939.

வீட்டுக்காரர் கீழே, வாடகைக்காரர் மேலே, இருவருக்கும் ஒரே மின் மீற்றர் என்றால் மிகவும் கவனம். இங்கே மின்கட்டணம் பாவனை கூடக் கூட அலகு விலையும் கூடும் முறையில் கணக்கிடப்படுகிறது. மாதத்துக்கு 60 அலகைத் தாண்டினாலே விகிதம் மாறிவிடும். 180 அலகுக்கு மேல் மிக அதிகம். இரண்டு குடும்பத்தின் பாவனையும் ஒரே மீற்றரில் விழுந்தால், இரண்டு மின்விசிறியும் ஒரு பிரிட்ஜும் மட்டும் வைத்திருக்கும் வயதானவர்களும் மேல்தட்டு விலையில் பாதியைக் கட்ட வேண்டிவரும். தனி மீற்றர் உள்ள வீடே நல்லது. இல்லாவிட்டால் உப மீற்றர் ஒன்று பூட்டி, அலகுக்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

வீடு சொந்தமாக வாங்கியதென்றால் மாநகர சபையில் ஆதனவரிப் பெயர்மாற்றத்தை மறக்க வேண்டாம். முழு வருட வரியையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவு கிடைக்கும்.

மூன்றாவது: ஊரில் சாமான் பிரிப்பது

இதை அவசரமாகச் செய்யவே கூடாது. நாற்பது வருடம் வாழ்ந்த வீட்டை இரண்டு நாளில் மூட்டை கட்டச் சொன்னால் எந்த அம்மாவுக்கும் நெஞ்சு அடைக்கும். பிள்ளைகள் வந்து நின்று "இது எதுக்கு, இது குப்பை" என்று சொல்லச் சொல்ல, அவர் எல்லாவற்றையும் இறுகப் பிடித்துக்கொள்வார். எதை எறிவது என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். "காலையில் எழும்பினதும் முதலில் எதை எடுப்பீங்கள் அம்மா?" என்று தொடங்கி, அவருடைய ஒரு நாளை முழுக்கச் சொல்ல விடுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். அந்தப் பட்டியலில் உள்ள எதையும் விட்டுவிட்டு வரக்கூடாது.

எங்கள் பெரியம்மாவின் பட்டியலில் புட்டுக்குழல், இடியப்ப உரல், திருவலை, ஒரு பழைய அலுமினியச் சட்டி, கிணற்றடியில் அவர் குந்தியிருக்கும் சின்னப் பலகை எல்லாம் இருந்தன. இங்கே கிணறு ஏது என்று யாரும் அந்தப் பலகையைத் தட்டிக்கழிக்கவில்லை, கூடவே வந்தது. இப்போது சமையலறை மூலையில் அதில் இருந்துதான் அவர் மரக்கறி வெட்டுகிறார். உயரமான மேடைக்கு முன் நின்று வெட்ட அவருடைய இடுப்பு விடாது.

பெரிய தளபாடங்களுக்கு அளவுநாடாவைக் கையில் எடுங்கள். பழைய தேக்கு அலுமாரிகள் பல கழற்ற முடியாதவை. லிஃப்டுக்குள்ளும் போகாது, படிக்கட்டு வளைவிலும் திரும்பாது. அலுமாரியின் உயரம், அகலம், ஆழம் மூன்றையும், புது வீட்டு வாசல், லிஃப்ட் கதவு, படிக்கட்டுத் திருப்பம் ஆகியவற்றையும் அளந்து ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். போகாது என்றால் ஊரிலேயே சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் வைப்பது நல்லது. விற்றுவிட்டால் அது ஆண்டுக்கணக்கில் பேச்சாக இருக்கும். கட்டிலைக் கழற்றினால் அதன் ஆணிகளையும் சுரைகளையும் ஒரு பையில் போட்டு, அந்தக் கட்டிலின் காலிலேயே இறுகக் கட்டிவிடுங்கள். எல்லாக் கட்டிலின் ஆணியையும் ஒரே டப்பாவில் போட்டால் இரவு பதினொரு மணிக்கு எது எதுக்கென்று தெரியாமல் நிலத்தில் பாய் விரிக்க வேண்டிவரும்.

பெட்டிகளில் "குசினி", "அறை" என்று எழுதுவதோடு, முதல் நாளே திறக்க வேண்டிய பெட்டிகளில் சிவப்பு மார்க்கரால் பெரிய வட்டம் போடுங்கள். சாமிப்படங்களும் விளக்கும், இரண்டு பேருக்குச் சமைக்கும் பாத்திரங்கள், தேயிலை, சீனி, மிளகாய்த்தூள், படுக்கை விரிப்பு, துவாய், மாற்றுடுப்பு, மின்குமிழ், சுத்தியல். மிளகாய்த்தூள் சின்ன விஷயமில்லை. ஊரில் வறுத்து இடித்த தூளில் வைத்த குழம்புதான் முதல் இரவில் அவர்களைச் சாப்பிட வைக்கும்.

காணி உறுதி, பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, ஓய்வூதியக் கடிதங்கள், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்டுகள், மூக்குக்கண்ணாடி, நகை இவையெல்லாம் லொறியில் ஏறக்கூடாது. ஒரு கைப்பையில் அம்மாவின் மடியில் வர வேண்டும்.

ஊர்க் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடக் கடிதம் ஒன்றையும், கிளினிக் போகும் வைத்தியசாலையில் மாற்றக் கடிதத்தையும் இப்போதே எடுத்துவிடுங்கள். மருந்து குறைந்தது ஒரு மாதத்துக்காவது கையில் இருக்கட்டும். பூட்டிவிட்டு வரும் வீட்டை யார் பார்ப்பது, மரங்களுக்கு யார் தண்ணீர் விடுவது, தேங்காயை யார் எடுப்பது என்பதையும் வெளிப்படையாகப் பேசித் தீருங்கள். அப்பாவின் மனம் பாதி அங்கேதான் நிற்கும்.

நான்காவது: லொறி

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து கடைச் சாமான் ஏற்றிக்கொண்டு வடக்குக்குப் போகும் லொறிகள் பல வெறுமையாகவோ அரைகுறையாகவோ திரும்புகின்றன. அப்படித் திரும்பும் லொறியைப் பிடித்தால் செலவு நன்றாகக் குறையும். தெரிந்த கடைக்காரரிடம் கேட்டாலே ஆள் காட்டுவார். ஒரு சிறு குடும்பத்தின் சாமானுக்குக் கன்டர் எனப்படும் நடுத்தர லொறி போதும். கொழும்புக்குள்ளேயே மாறுவதென்றால் பட்டா எனப்படும் சின்ன லொறி இரண்டு நடை அடித்தாலே முடிந்துவிடும்.

கூலியைப் பேசும்போது ஏற்றுகூலி, இறக்குகூலி, மாடிக்கு எவ்வளவு, தார்ப்பாய் யாருடையது என்று நான்கையும் சேர்த்துப் பேசுங்கள். கொழும்பில் நாட்டாமைகளை (சுமை தூக்குபவர்களை) வைத்து இறக்குவதானால் மாடிக் கணக்கில்தான் கேட்பார்கள். லிஃப்ட் உண்டு என்று சொல்லி ஆளை வரவழைத்து, அன்று லிஃப்ட் வேலை செய்யாவிட்டால் வாசலில் சண்டைதான்.

லொறி கொழும்புக்கு வந்து சேரும் நேரம் முக்கியம். பாடசாலை தொடங்கும் காலை நேரமும், விடும் பகல் ஒன்றரைக்குப் பிந்திய நேரமும், கந்தோர் விடும் மாலையும் காலி வீதியில் லொறியைத் திருப்பவே முடியாது. ஞாயிறு அதிகாலை மிக நல்லது. லொறி நிற்கும் அளவு இடத்தை வாசலில் முதல் நாளே காவலாளியிடம் சொல்லி வைத்திருங்கள்.

ஐந்தாவது: பெற்றோர் வரும் முன்

சாமான் வந்து இறங்கும் அமளிக்குள் வயதானவர்களை நிறுத்தாதீர்கள். சாமான் முதலில் வரட்டும், அவர்கள் ஒருநாள் பிந்தி வரட்டும். அதற்குள் செய்ய வேண்டியவை: வீட்டைக் கழுவுவது, கட்டில்களைப் பூட்டி விரிப்பு விரிப்பது, யன்னலுக்குத் திரைச்சீலை, குளியலறையில் பிடிகம்பியும் ரப்பர் விரிப்பும், கட்டிலிலிருந்து மலசலகூடம் போகும் வழியில் இரவு முழுக்க எரியும் சின்ன மின்குமிழ் ஒன்று. பழைய கட்டடங்களில் சுவர்ப் பிளக்குகள் வட்ட முனையாகவும் இருக்கும், சதுர முனையாகவும் இருக்கும். மின்வேலை தெரிந்த பாஸ் ஒருவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒரே வகையாக்குங்கள். அப்போதே, மின்சாரம் ஒழுகினால் இணைப்பைத் துண்டிக்கும் டிரிப் ஸ்விட்சின் சோதனைப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். மின்சாரம் சட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் அதை மாற்றும்வரை யாரையும் குடிவைக்க வேண்டாம். குழாய், பூட்டு, பிடிகம்பி போன்றவற்றுக்குப் புறக்கோட்டைப் பக்கத்துப் பழைய சோனகத் தெரு ஒரு நடை போய்வரத்தக்க இடம்.

சாமிப்படம், விளக்கு, நிறைகுடம், அரிசி, உப்பு, மஞ்சள் இவற்றோடு நல்ல நேரத்தில் பால் காய்ச்சுவது பெற்றோரின் கையால்தான் நடக்க வேண்டும். ஆடி, மார்கழியில் குடிபுக அவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். வீட்டுக்காரரோடு திகதி பேசும் முன் அவர்களிடம் பஞ்சாங்கம் பார்க்கச் சொல்லுங்கள். சாமான் முன்கூட்டியே வந்தாலும், அடுப்பு மூட்டாமல் வைத்திருந்தால் முதல் பால் அவர்களுடையதாக இருக்கும். தேவாலயக் குருவானவரை அழைத்து வீட்டை ஆசீர்வதிப்பவர்களும், மௌலவியை அழைத்துத் துஆ ஓதுபவர்களும் அதே போலப் பெற்றோர் வந்த பிறகு வையுங்கள்.

ஆறாவது: கேஸ் அடுப்பு

விறகடுப்பிலும் மண்ணெண்ணெயிலும் சமைத்துப் பழகியவர்கள் இன்னும் நிறையப் பேர். ஊரில் கேஸ் வைத்திருந்தவர்களும் சிலிண்டர் மாற்றுவதைப் பக்கத்து வீட்டுப் பொடியனிடம் விட்டிருப்பார்கள். அதனால் அரை மணித்தியாலம் ஒதுக்கி ஆறுதலாகக் காட்டுங்கள்.

லிட்ரோ என்றால் லிட்ரோ, லாஃப்ஸ் என்றால் லாஃப்ஸ். வெறும் சிலிண்டரை அதே கம்பனியிலேதான் மாற்றலாம், அதற்குரிய ரெகுலேட்டரே வேண்டும். வீட்டுப் பாவனைக்குப் பெரியது 12.5 கிலோ, அதற்கு அடுத்தது 5 கிலோ. தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு 5 கிலோ சிலிண்டர் இரண்டு வைத்துக்கொள்ளச் சொல்வேன். உருட்டவும் தூக்கவும் இலகு, ஒன்று முடிந்தால் மற்றது தயார். பூட்டியதும் ஒரு கிண்ணத்தில் சவர்க்காரத் தண்ணீர் கலக்கி, ரெகுலேட்டரின் கழுத்திலும் ஹோஸின் இரண்டு முனையிலும் விரலால் தடவுங்கள். குமிழி வந்தால் கசிகிறது. அம்மாவின் விரலாலேயே தடவச் செய்யுங்கள், குமிழி எப்படி இருக்கும் என்று அவர் கண்ணால் பார்க்கட்டும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் எங்கும் வேண்டாம். 2021 கடைசியில் நாடு முழுக்கக் கேஸ் வெடிப்புச் செய்திகள் வந்த நாட்களின் பயம் பலருக்கு இன்னும் இருக்கிறது, கற்றுக்கொடுக்கும்போது அந்தப் பயத்தைச் சிறிதாக்கிப் பேசாதீர்கள். கேஸ் மணம் வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, யன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு வெளியே வர வேண்டும். இதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டுங்கள். மின்சார ரைஸ் குக்கர் ஒன்றும் கைக்காவலாக இருக்கட்டும். 2022இல் கேஸ் வரிசையில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஏழாவது: முதல் வாரம், கூட நடப்பது

என்னைக் கேட்டால் முழு வேலையிலும் இதுதான் முக்கியம். இந்த வாரத்துக்கு லீவு எடுக்க முடியாவிட்டால் சாமான் ஏற்றும் நாளில் லீவு எடுக்காதீர்கள், அதை யாரும் செய்வார்கள்.

முதல் நாள் வீட்டிலிருந்து மிகக் கிட்டிய கடைக்கு அம்மாவோடு போய்வாருங்கள். நீங்கள் பக்கத்தில் நடங்கள், கடைக்காரரிடம் அவரே கதைக்கட்டும், காசும் அவரே கொடுக்கட்டும். அடுத்த நாள் அதே வழியில் அவர் முன்னே, நீங்கள் பத்தடி பின்னே. அதற்கு அடுத்த நாள் நீங்கள் வீட்டில் இருங்கள், அவர் போய்வரட்டும். பிறகு பாமசி, பிறகு கோயில், பிறகு சந்தை. ஒரு நேரத்தில் ஒரு வழி மட்டும். ஒழுங்கைகள் எல்லாம் ஒரே மாதிரித் தெரியும் என்பதால், எந்தக் கடையில் திரும்புவது, எந்த மதில், எந்த மரம் என்று அவர்களாகவே அடையாளம் பிடிக்க விடுங்கள். இலக்கம் சொல்லிக்கொடுத்தால் நினைவில் நிற்காது.

தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வீட்டு முகவரியும் இரண்டு தொலைபேசி இலக்கங்களும் எழுதிய அட்டை ஒன்று அம்மாவின் பேர்ஸிலும் அப்பாவின் சட்டைப் பையிலும் எப்போதும் இருக்க வேண்டும். வழி தவறினால் ஓட்டோக்காரரிடமோ கடைக்காரரிடமோ காட்டினால் போதும். சிங்களத்தில் எழுதத் தெரியாவிட்டால் காவலாளியிடமோ அயலவரிடமோ கேட்டு எழுதுவியுங்கள். அது அயலவரோடு அறிமுகமாகவும் நல்ல சாட்டு. பால் காய்ச்சிய அன்றைய பலகாரத்தைப் பக்கத்து வீடுகளுக்குக் கொண்டுபோகும்போது பெற்றோரும் கூடப் போகட்டும். எதிர்வீட்டு ஆன்ரியின் தொலைபேசி இலக்கம் வெளிநாட்டிலிருக்கும் எல்லாப் பிள்ளைகளின் இலக்கத்தையும்விட அவசரத்துக்கு உதவும்.

பஸ்ஸை இரண்டாம் வாரம் தொடங்குங்கள். காலி வீதியில் புறக்கோட்டை போக 100, 101. கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கம் 155. போகும் பஸ்ஸைவிடத் திரும்பி வரும் பஸ்ஸில்தான் குழப்பம், இறங்குவது வீதியின் மறுபக்கத்தில் என்பதால். வீட்டுத் தரிப்புக்கு முந்திய தரிப்பில் என்ன தெரியும் என்று காட்டிக்கொடுங்கள், அதைக் கண்டதும் எழும்ப ஆயத்தமாகலாம். பழைய நினைவில் அப்பா மனிங் சந்தைக்குப் போகக் கேட்டால், அந்த மொத்தச் சந்தை இப்போது பேலியகொடையில் என்று சொல்லிவிடுங்கள்.

அப்பாமாரை இன்னும் கவனிக்க வேண்டும். அம்மாவுக்குச் சமையலும் கோயிலும் ஒரு பிடிப்பைக் கொடுத்துவிடும். ஊரில் காலையில் வாசிகசாலை, மாலையில் சந்தி என்று இருந்த அப்பா இங்கே நான்கு சுவருக்குள் தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்துவிடுவார். காலையில் பேப்பர் வாங்கும் பொறுப்பை அவரிடமே விடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து போடச் சொல்ல வேண்டாம். வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, நூலகமும் நிகழ்ச்சிகளும் உண்டு. இராமகிருஷ்ண மிஷனும் நடை தூரம். ஊர்க்காரர், பழைய மாணவர் சங்கத்தார் என்று யாராவது ஒருவரை முதல் மாதத்துக்குள் அவரோடு சேர்த்துவிட வேண்டும். மற்ற ஆட்களை அவரே தேடிக்கொள்வார்.

எட்டாவது: வைத்தியசாலை, அலுவலகம்

தெஹிவளை, வெள்ளவத்தைப் பக்கத்தவர்களுக்குக் களுபோவில கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை கிட்ட. கொட்டாஞ்சேனையிலிருந்து தேசிய வைத்தியசாலை. கண் பிரச்சினைக்கு அதன் அருகிலேயே கண் வைத்தியசாலை இருக்கிறது. மாற்றக் கடிதத்தோடு முதல் கிளினிக்குக்கு நீங்களும் போங்கள், எந்த வாசல், எந்த வரிசை, எங்கே மருந்து என்பதைப் பார்த்து அதே கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். தனியார் இடத்தில் டொக்டரைச் சனல் பண்ணுவதை (முன்பதிவு செய்வதை) வெளிநாட்டுப் பிள்ளைகள் பொறுப்பெடுக்கலாம். மின்சார, தண்ணீர்ப் பட்டியல் கட்டுவதும் அப்படியே. இங்கே ஓடித்திரியும் ஒருவர் தலையில் எல்லாவற்றையும் போடாமல், யார் எதற்குக் காசு, யார் எதற்கு ஆள் என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். அவசர அம்புலன்ஸ் 1990, இலவசம். இந்த இலக்கத்தைச் சுவரில் எழுதுங்கள்.

கிராம உத்தியோகத்தர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்கமாட்டார், நாள் கேட்டுக்கொண்டு போங்கள். வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாயப் பிரதேச செயலகத்துக்குள் வரும், கொட்டாஞ்சேனை கொழும்புப் பிரதேச செயலகத்துக்குள். ஓய்வூதியம் எடுப்பவர்கள் வருடாந்த உயிர்வாழ் உறுதிப்படுத்தலை எங்கே செய்வது என்று அப்போதே கேளுங்கள். 60 வயது கடந்தவர்கள் முதியோர் அடையாள அட்டையும் எடுக்கலாம். வாக்காளர் இடாப்பில் ஒருவர் பெயர் ஓரிடத்தில்தான் இருக்கலாம். ஊர்ப் பதிவை எடுத்துவிட்டு இங்கே பதிவதா என்பது பெற்றோரின் முடிவு, அவர்களைக் கேட்காமல் படிவம் நிரப்பாதீர்கள்.

போர்க்காலத்தில் கொழும்பில் தங்கிய தமிழர்களுக்குப் பொலிஸ் பதிவு எவ்வளவு பெரிய நெருக்கடியாக இருந்தது என்பது பெரியவர்களுக்கு மறக்காது. பொலிஸார் வீட்டுவாசிகளின் விபரப் படிவம் கொண்டுவந்தால் அவர்கள் பதறிப்போவார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: கதவைப் பூட்டியபடியே "மகன் வந்த பிறகு நிரப்பித் தாறம்" என்று சொல்லலாம். வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி, தமிழில் கேட்பதற்கு உரிமை இருக்கிறது.

ஒன்பதாவது: மழை, நுளம்பு, குப்பை

வடக்கு கிழக்கில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பழகியவர்களுக்கு மே மாதமே கொழும்பில் கொட்டும் தென்மேற்குப் பருவமழை புதிது. அதோடு டெங்கும் ஜூன், ஜூலையில் ஏறும். முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும் என்பதால், பூச்சாடித் தட்டு, பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, பல்கனி வடிகால் மூன்றிலும் தேங்கிய தண்ணீரை வாரம் ஒருநாள் வெளியேற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போதே செய்தால் மறக்காது. காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும், மற்ற வலிமாத்திரைகள் வேண்டாம். மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

குப்பையில் உக்குவது வேறு, உக்காதது வேறு. வண்டி வரும் நாளைக் காவலாளியிடம் கேளுங்கள். பிரிக்காத குப்பையை எடுக்காமல் விட்டுப்போவார்கள்.

ஒரு மாதம் கழிந்ததும்

ஒரு பின்னேரம் ஆறுதலாக இருந்து, இந்த வீட்டில் என்ன கஷ்டமாக இருக்கிறது என்று கேளுங்கள். "ஒன்றுமில்லை" என்பார்கள். அப்படியே விடாமல் கூடவே ஒருநாள் தங்கிப் பாருங்கள். எந்தத் தட்டை எட்டிப் பிடிக்கிறார், எந்தக் குழாயைத் திருகக் கஷ்டப்படுகிறார், இரவில் எத்தனைதரம் எழும்புகிறார் என்பது அப்போது தெரியும். உயரத்தில் இருப்பதை இறக்கி வையுங்கள், குழாய்த் தலையை மாற்றுங்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கோ ஊர்க் கோயில் கொடியேற்றத்துக்கோ போய்வர ஒரு திகதியை இப்போதே குறித்துக் கொடுங்கள். ஊர்ப் பயணம் ஒன்று நிச்சயமாக இருக்கிறது என்று தெரிந்தால் அதுவரை இங்கே மனம் ஆறி இருப்பார்கள். திருவிழாக் காலத்தில் ரயிலிலும் பஸ்ஸிலும் ஆசனம் கிடைப்பது கஷ்டம் என்பதால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். புறப்படும் அன்று கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி, தண்ணீர்த் தட்டுகளைக் கவிழ்த்து, வீட்டுத் திறப்பு ஒன்றை எதிர்வீட்டு ஆன்ரியிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.